சீருடையும் மணவிலக்கும்

சித்தூரிலிருந்து மேற்கே பலமனேரை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், மொகிலிக் கணவாயின் ஏற்றம் தொடங்குவதற்கு முன்னே அமைந்திருப்பது பங்காருபாளையம் என்னும் ஊர். பங்காரு என்றால் தெலுங்கில் பொன். பாளையம் என்றால் படை தங்கும் இடம் என்பது நாம் அறிந்ததே. பாளையக்காரர் காலம் போய்விட்டது, படைகளும் போய்விட்டன. இன்று அவ்வூருக்குப் பொன் விளைவிப்பது மாமரம். தோத்தாபுரி மாங்காய் வந்து குவியும் பருவத்தில் சந்தை வளாகத்தின் முன்னே வண்டிகள் நெடுந்தூரம் நிற்கும். 2025 ஆம் ஆண்டு ஜூலையில், விலை வீழ்ச்சியால் விவசாயிகள் மனம் நொந்திருந்த வேளையில், முன்னாள் முதலமைச்சர் அந்தச் சந்தைக்கு வந்தார்; அன்று ஊரெங்கும் காவலர் தலைகளே தெரிந்தன. அதற்கு முந்திய ஆண்டு செப்டம்பரில் கணவாய்ச் சாலையில் பேருந்தும் லாரிகளும் மோதிப் பலர் மாண்டனர். அத்தகைய வேளைகளில் முதலில் ஓடிச்சென்று நிற்க வேண்டியவர் யார்? அவ்வூர்க் காவல் நிலையத்துக் காவலரே. இவை போதாவென்று, திருமலையில் பிரம்மோற்சவம், காணிப்பாக்கத்தில் விநாயக சதுர்த்தி விழா, திருப்பதியில் கங்கையம்மன் ஜாத்திரை என்று பந்தோபஸ்துக்கு ஆள் அனுப்பும்படி உத்தரவுகள் வந்துகொண்டே இருக்கும்.

இத்தனைக்கும் நடுவே, எந்த ஊர்க் காவல் நிலையத்திலும் ஒரு மர பெஞ்சியில் கணவனும் மனைவியும் ஆளுக்கொரு கோடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் காட்சியைக் காணலாம். சப் இன்ஸ்பெக்டர் இருவரையும் அழைத்து விசாரிப்பார், அதட்டுவார், பெரியவர்களை வரவழைத்துப் பேசுவார். 2013 ஆம் ஆண்டு லலிதா குமாரி வழக்கில் உச்சநீதிமன்றம், கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் உடனே வழக்குப் பதிவு செய்ய வேண்டும் என்று விதித்தபோதிலும், கணவன் மனைவி தகராறுகளில் முதலில் பூர்வாங்க விசாரணை செய்து பார்க்கலாம் என்று விலக்களித்தது. ஆகவே பிறர் குடும்பத்தை ஒட்டவைக்க முயல்வதும் காவலர் வேலையின் ஒரு பகுதியாகிவிட்டது.

அப்படி ஒட்டவைப்பவரின் குடும்பமே உடைந்தால் என்ன ஆகும்? அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். மணவிலக்கு எல்லாருக்கும் துன்பந்தான். ஆயினும் காவல்துறையில் இருப்பவருக்கு அது வேறு விதமான துன்பம். அவரிடம் இல்லாதது நேரம். அவரிடம் இருப்பது அதிகாரம். குடும்ப வழக்கில் இவ்விரண்டுமே அவருக்குப் பகையாக வந்து நிற்கின்றன. அதிகாரம் எப்படிப் பகையாகும் என்று சிலர் வியக்கக்கூடும். அதனைப் பின்னர்க் காண்போம்.

எண்ணிப் பார்ப்பதற்கு வசதியாக ஒரு காவலரைக் கற்பனை செய்துகொள்வோம். பங்காருபாளையத்தில் தலைமைக் காவலர்; வயது நாற்பதை நெருங்குகிறது. மனைவி குடியாத்தத்துப் பெண். எட்டு வயதில் ஒரு மகள். இந்த எல்லைப் புறத்தில் தமிழும் தெலுங்கும் கலந்த சம்பந்தங்கள் சாதாரணம். சித்தூர் மாவட்டமே 1953 அக்டோபர் வரை சென்னை மாகாணத்தில் இருந்ததுதான். பெயர் வேண்டாம், நம் காவலர் என்றே அவரை அழைப்போம். மனைவி மகளை அழைத்துக்கொண்டு தாய்வீடு போய் ஓராண்டுக்கு மேலாகிறது. திரும்பி வருவதற்கு அவளுக்கும் மனமில்லை. அழைத்து வருவதற்கு அவருக்கும் முகமில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் சுருக்கமாகக் கூறிவிடுகிறேன். இந்தப் பகுதி மக்களுக்கு மணவிலக்குச் சட்டம் 1955 இல் திடீரென்று வந்ததன்று. அதற்கு முன்பே, 1949 இல், சென்னை மாகாணம் இருதார மணத்தைத் தடுத்து, இந்துக்களுக்கு மணவிலக்கு உரிமையும் அளித்து ஒரு சட்டம் இயற்றியது. பங்காருபாளையத்துக் குடும்பங்களும் அன்று அச்சட்டத்திற்கு உட்பட்டவையே. பிறகு 1955 ஆம் ஆண்டின் இந்து விவாகச் சட்டம் நாடு முழுவதற்குமாக வந்தது. கொடுமை, கைவிடுதல், பிறரோடு உறவு முதலிய காரணங்களைக் காட்டி ஒருவர் மற்றவர்மீது மனுச் செய்வது அதன் பதின்மூன்றாம் பிரிவு. 1976 இல் சேர்க்கப்பட்ட பதின்மூன்று ‘பி’ என்னும் பிரிவின்படி இருவரும் ஒத்துப் பிரியலாம். ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். இருவரும் சேர்ந்து மனுச் செய்ய வேண்டும். ஆறு மாதம் கழித்து, பதினெட்டு மாதத்திற்குள் மீண்டும் வந்து உறுதி கூற வேண்டும். அந்த ஆறு மாதக் காத்திருப்பைத் தக்க காரணம் இருந்தால் நீதிமன்றம் தள்ளிவிடலாம் என்று 2017 இல் உச்சநீதிமன்றம் கூறியது. தீர்ப்பு ஆகும்வரையில் இருவரில் எவரும் தம் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்பதையும் மறந்துவிடலாகாது. கிறிஸ்தவர்களுக்கும், தனித் திருமணச் சட்டத்தின்படி மணந்தவர்களுக்கும் வேறு சட்டங்கள் உண்டு, முஸ்லிம்களுக்கும் அவ்வாறே. இன்றைய பேச்சில் அவற்றுள் புகவில்லை.

இனி நேரத்தின் கதைக்கு வருவோம். காவலர் எப்போதும் பணியில் இருப்பவராகவே கருதப்படுவர் என்று 1861 ஆம் ஆண்டின் போலீஸ் சட்டம் இருபத்திரண்டாம் பிரிவில் எழுதி வைத்தது. வெள்ளையர் எழுதிய அந்த வாசகம் காகிதத்தில் மட்டும் நிற்கவில்லை. 2019 இல் வெளிவந்த இந்தியக் காவல் நிலை அறிக்கை, காவலர்கள் சராசரியாக நாளொன்றுக்குப் பதினான்கு மணி நேரம் வேலை செய்கிறார்கள் என்று கண்டது. இருவரில் ஒருவருக்கு வார விடுமுறை கிடைப்பதில்லை என்றும் சொல்லிற்று. அதே ஆண்டு ஜூனில் ஆந்திர அரசு காவலருக்கு வார விடுமுறை அறிவித்தது. 2021 இல் தமிழ்நாட்டிலும் அத்தகைய உத்தரவு வந்தது. உத்தரவு வருவது ஒன்று. ஆள் பற்றாத நிலையத்தில் அதனைக் கொடுப்பது மற்றொன்று. திருவிழாவும் தேர்தலும் தலைவர் வருகையும் வாரக் கணக்குப் பார்த்து வருவதில்லையே!

பதினான்கு மணி நேரம் வெளியே நின்றவர் வீட்டுக்கு வரும்போது எப்படி வருகிறார்? நாள் முழுவதும் அதட்டிப் பேசிய நாக்கு வாசற்படியில் தானாக மாறிவிடுமா? மகளுக்கு மதிப்பெண் ஏன் குறைந்தது என்று கேட்கும் குரலிலும் விசாரணையின் சாயல் வந்துவிடுகிறது. மனைவி பதில் சொல்லாதிருந்தால் அது மறைப்பாகத் தோன்றுகிறது. பதில் சொன்னால் அது எதிர்ப்பாகத் தோன்றுகிறது. காவலர் குடியிருப்புகளில் வாழும் பெண்களைக் கேட்டால், ‘வீட்டில் இருந்தாலும் அவர் டூட்டியில்தான் இருக்கிறார்’ என்பார்கள். அடிதடி இல்லாமலே குடும்பம் கரைவதற்கு இது ஒன்றே போதுமானது. இதனை நான் காவலருக்காகப் பரிந்து சொல்லவில்லை. களைப்பு கைநீட்டுவதற்குச் சமாதானம் ஆகாது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்கும் 2005 ஆம் ஆண்டுச் சட்டம் காவலர் வீட்டிற்கும் பொருந்தும். மனைவி அரசுக் குடியிருப்பில் இருந்தாலும் சரி, தாய்வீட்டில் இருந்தாலும் சரி, அதன்படி மனுச் செய்யலாம்.

நேரமில்லாமை வழக்கு தொடங்கிய பின்பும் விடாது. நம் காவலருக்கு ஒரு நாள் சம்மன் வருகிறது. வாய்தா நாளன்று அவர் திருமலையில் கருட சேவைப் பந்தோபஸ்தில் நிற்கிறார். இரண்டு வாய்தா தவறுகின்றன. மூன்றாவது வாய்தாவில் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடக்கூடும். பிறரை நீதிமன்றத்தில் நிறுத்துவதற்காக ஆயிரம் முறை படியேறியவர், தம் வழக்கில் ஆஜராகாதவர் என்று பெயர் வாங்குகிறார். அத்தகைய தீர்ப்பை நீக்கும்படி மனுச் செய்ய வழியுண்டு. ஆனால் அதற்கும் காரணமும் காலமும் காட்ட வேண்டும். குடும்ப நீதிமன்றத்தில் வக்கீலை வைத்துக்கொள்வது உரிமையாகக் கேட்கத்தக்கதன்று என்று 1984 ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றங்கள் சட்டம் கூறுகிறது. அனுமதி பெற்று வைத்துக்கொள்வதே வழக்கமாகிவிட்டது என்றாலும், சமரசப் பேச்சுக்கு வக்கீல் மட்டும் வந்தால் போதாது, உரியவரே வரவேண்டும். ஆதலால் சம்மன் வந்த அன்றே அதன் நகலை வைத்து, வாய்தா தேதியைக் குறித்து, மேலதிகாரியிடம் எழுத்து மூலம் விடுப்புக் கேட்பதே அறிவுடைமை. ‘வீட்டு விஷயம், வெளியே சொல்ல வெட்கம்’ என்று மறைப்பவர்களே பெரும்பாலும் அகப்பட்டுக்கொள்கிறார்கள். அந்த விடுப்பை மறுக்கும் மேலதிகாரி, ஒரு குடும்பத்தின் வழக்கைத் தாமே தீர்த்துவைப்பவர் ஆகிறார் என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

அதிகாரம் பகையாவது எப்படி என்று கேட்டோமே! அதற்கு உச்சநீதிமன்றம் 2025 ஜூலை 22 ஆம் நாள் அளித்த ஒரு தீர்ப்பைக் காண்போம். அவ்வழக்கில் காவல் பணி அதிகாரியாக இருந்தவர் மனைவி. 2015 இல் மணந்த தம்பதிகள் 2018 முதல் பிரிந்து வாழ்ந்தனர். இரு தரப்பிலும் வழக்குக்கு மேல் வழக்குகள். மனைவி தரப்பு தொடுத்த குற்ற வழக்குகளின் விளைவாகக் கணவர் 109 நாட்களும் அவர் தந்தை 103 நாட்களும் சிறையில் இருந்தனர். முடிவில் நீதிமன்றம் அரசியல் சட்டத்தின் 142 ஆம் பிரிவைக் கொண்டு மணத்தை முறித்தது. இரு தரப்பு வழக்குகளையும் முடித்து வைத்தது. மகள் தாயிடம் இருக்கவும், தந்தை வீட்டார் வந்து காணவும் ஏற்பாடு செய்தது. மனைவியும் அவர் பெற்றோரும் கணவர் குடும்பத்தாரிடம் நிபந்தனையற்ற மன்னிப்புக் கேட்டு அதனைப் பத்திரிகையில் வெளியிட வேண்டும் என்றும் பணித்தது. அதைவிட நம் பொருளுக்கு நெருக்கமானது மற்றோர் உத்தரவு. காவல் அதிகாரி என்ற பதவியையும் செல்வாக்கையும், இனி வகிக்கப்போகும் எந்தப் பதவியையும், கணவர் குடும்பத்தாருக்கு எதிராக அவர் ஒருபோதும் பயன்படுத்தக்கூடாது என்று நீதிமன்றம் கட்டளையிட்டது. அதே வேளையில், அந்த மன்னிப்பைக் காட்டி அவருக்கு எதிராக எங்கும் வழக்காடக்கூடாது என்று கணவர் தரப்பையும் கட்டிப்போட்டது.

அந்த அதிகாரி பெண் என்பதைப் பிடித்துக்கொண்டு பேசியவர்கள் பலர். என் கருத்தில் அது இரண்டாம் பட்சம். வேலியே பயிரை மேயுமோ என்ற அச்சம், காவலர் ஒருவர் குடும்ப வழக்கில் நிற்கும்போது, எதிர்த் தரப்புக்கு எப்போதும் உண்டு என்பதே அதில் நான் காண்பது. அவர் பதவியைப் பயன்படுத்தினாரா இல்லையா என்பது பிறகு. பயன்படுத்தக்கூடும் என்ற ஐயமே எதிரில் இருப்பவரைத் தூங்கவிடாது. நம் காவலரின் மனைவி குடியாத்தத்தில் ஒரு புகார் கொடுக்க நினைக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். பங்காருபாளையம் நிலையத்தில் கொடுத்தால் எழுதிக்கொள்பவர் கணவரின் நண்பர். அங்கே அவள் எப்படிப் போவாள்? அவளுக்குச் சட்டம் வழி வைத்திருக்கிறது. கொடுமைக்கு ஆளாகித் தாய்வீட்டுக்கு வந்த பெண், அடைக்கலம் புகுந்த ஊரிலேயே வழக்குத் தொடரலாம் என்று 2019 இல் உச்சநீதிமன்றம் தீர்த்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்ற நடைமுறைச் சட்டமும், குற்றம் எந்த எல்லையில் நடந்ததானாலும் எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்க இடம் தருகிறது. பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். ஆனால் இவற்றையெல்லாம் அவளுக்கு யார் சொல்வார்கள்? சொல்லவேண்டிய கடமையுள்ளவர் காவலர்! இந்த முரண்பாட்டை நினைக்கும்போது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஆகவே, குடும்பம் பிரியும் நிலை வந்துவிட்டால் காவலர் செய்யத்தகாதவை சில உள்ளன. சீருடையோடு மனைவியின் வீட்டுக்குப் போகலாகாது. நிலையத்து ஜீப்பில் போகலாகாது. உடன் வேலை செய்பவரைத் தூது அனுப்பலாகாது. நண்பர் நல்ல எண்ணத்தோடுதான் போவார். ஆனால் வாசலில் காக்கிச் சட்டை நின்றால் தெருவே பார்க்கும். மாமியார் வீட்டார் அதனைச் சமாதானமாகக் கொள்ளமாட்டார்கள். தொலைபேசி அழைப்புப் பட்டியலை அலுவல் வழியாக எடுத்துப் பார்ப்பது இவையெல்லாவற்றிலும் பெரிய தவறு. மனைவியோ கணவனோ யாருடன் பேசினார் என்று அறியும் ஆசை எல்லாருக்கும் வரலாம். மற்றவருக்கு அது ஆசையோடு போய்விடும். காவலருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. கணவன் மனைவி பேச்சை மறைவாகப் பதிவு செய்ததைக்கூட மணவிலக்கு வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் உச்சநீதிமன்றம் கூறியிருக்கிறது. அதைக் கேட்டு, எல்லாச் சாட்சியமும் செல்லும் என்று காவலர் எண்ணிவிடக்கூடாது. தம் கைப்பேசியில் தாம் பதிவு செய்வது வேறு. அரசு கொடுத்த அதிகாரத்தைத் திருடி வீட்டு வழக்குக்குச் சாட்சியம் தேடுவது வேறு. இரண்டாவது வகை, வழக்கை வென்று தந்தாலும் வேலையைக் கொண்டுபோய்விடும்.

துப்பாக்கி வைத்திருப்பவர், வீட்டில் பூசல் முற்றிய நாட்களில் அதனை நிலையத்து ஆயுதக் கிடங்கிலேயே விட்டு வருவது நல்லது. அதற்கு எவரும் உத்தரவு போடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

மறுபக்கத்தையும் பார்ப்போம். காவலருக்கு மட்டுமா அதிகாரம்? அவருடைய மேலதிகாரியிடம் புகார் கொடுக்கும் அதிகாரம் மனைவி கையில் இருக்கிறது. ஆந்திரத்து மாவட்டங்களில் திங்கட்கிழமைகளில் காவல் கண்காணிப்பாளர் மக்களிடம் நேரே மனு வாங்கும் வழக்கம் உண்டு. அங்கே ஒரு மனு கொடுத்தால் மறுநாளே விசாரணை. நியாயமான குறையென்றால் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் கணவனைப் பணியச் செய்வதற்காக மட்டும் கொடுத்தால்? 2021 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் ஒரு ராணுவ அதிகாரியின் வழக்கைத் தீர்த்தது. அவர் மனைவி கல்லூரிப் பேராசிரியை. கணவரின் மேலதிகாரிகளுக்குப் புகார் மேல் புகார் எழுதினார். ராணுவம் விசாரணை நடத்தியது. கணவரின் பதவி உயர்வு தடைப்பட்டது. வாழ்க்கைத் துணையின் தொழிலையும் நற்பெயரையும் இவ்வாறு சீர்குலைப்பது மனக்கொடுமையே என்று கூறி நீதிமன்றம் மணவிலக்கு அளித்தது. ஒழுங்கும் நற்பெயருமே மூலதனமாக உள்ள வேலைகளுக்கு அத்தீர்ப்பு முழுதும் பொருந்தும். காவல் வேலையும் அத்தகையதே.

இதனோடு தொடர்புடைய ஒரு பணச் செய்தியைச் சொல்ல வேண்டும். கொடுமைப் புகாரில் கணவர் கைதாகி நாற்பத்தெட்டு மணி நேரத்திற்கு மேல் காவலில் இருந்தால், ஆந்திர அரசு ஊழியர் விதிகளின்படி அவர் தற்காலிகப் பணிநீக்கத்தில் வைக்கப்பட்டவராகவே கருதப்படுவார். முழுச் சம்பளம் நின்று பிழைப்பூதியம் மட்டும் கிடைக்கும். அதிலிருந்துதான் ஜீவனாம்சம் வரவேண்டும்! கோபத்தில் கிளையை வெட்டுபவர் தாம் உட்கார்ந்திருப்பது அக்கிளையில் என்பதை மறந்துவிடுகிறார். வழக்குப் பதிவானவுடனே கைது செய்வது சட்டமன்று என்று 2014 இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்சநீதிமன்றம் விதித்தது. அந்த விதியை ஊராருக்கு மறுத்த காவலர் உண்டு. தமக்கு வரும்போது முதலில் அதனை எடுத்துக் காட்டுபவரும் அவரே.

ஜீவனாம்சத்தைப் பொறுத்தவரை, சம்பளத்தை மறைக்க முடியாது. 2020 நவம்பரில் ரஜ்னேஷ் வழக்கில் உச்சநீதிமன்றம், இரு தரப்பும் தம் சொத்து, வருமானம், கடன் அனைத்தையும் பிரமாண வாக்குமூலமாகத் தரவேண்டும் என்றும், ஜீவனாம்சம் மனுச் செய்த நாளிலிருந்தே கணக்காக வேண்டும் என்றும் கூறியது. ஆதலின் வாய்தா இழுத்தால் பணம் மிச்சம் என்பது வீண் கணக்கு, பாக்கிதான் ஏறும். சாதாரணக் கடனுக்காகச் சம்பளத்தை ஜப்தி செய்வதற்கும் ஜீவனாம்சத்துக்காக ஜப்தி செய்வதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. ஜீவனாம்சத் தீர்ப்பானால் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கே பாதுகாப்பு. மற்ற இரு பங்கையும் நீதிமன்றம் தொடலாம். மனைவி காவலராகவும் கணவன் வருமானமற்றவனாகவும் இருந்தால், இந்து விவாகச் சட்டப்படி கணவனும் மனைவியிடம் ஜீவனாம்சம் கேட்கலாம் என்பதைப் பலர் அறியார்.

நம் காவலரின் வழக்கு எங்கே நடக்கும்? அவர் சித்தூர்ப் பக்கம் மனுச் செய்யலாம். கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம் அதுதானே. மனைவி தானே மனுச் செய்வதானால், 2003 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, தான் வாழும் ஊரின் நீதிமன்றத்திலேயே செய்யலாம். இருவரும் தனித்தனியே செய்துவிட்டால்? ஒன்று ஆந்திரத்தில், ஒன்று தமிழ்நாட்டில். ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்திற்கு வழக்கை மாற்ற உயர்நீதிமன்றத்தால் இயலாது. உச்சநீதிமன்றந்தான் மாற்ற வேண்டும். அன்றாடம் பேருந்தில் போய்வரும் தூரத்தில் உள்ள இரண்டு ஊர்களின் வழக்கு டில்லி வரை போய்த் திரும்ப வேண்டியிருக்கிறது! 1953 இல் எல்லைக் கோடு கிழித்தவர்கள் நாட்டைப் பிரித்தார்கள். சம்பந்தங்களை யார் பிரிக்க முடியும்? சாட்சியம் தெலுங்கிலா தமிழிலா என்ற கேள்வியும் பின்தொடரும். பேசி ஒரே இடத்தில் மனுச் செய்துகொள்வது இருவருக்கும் லாபம். சமரசத்தால் இணைய முடியாதவர்கள் சமரசத்தால் பிரியவாவது முடியுமே.

சமரசம் என்றதும் ஊர்ப் பஞ்சாயத்து நினைவுக்கு வரும். ஆலமரத்தடியிலோ ரச்சபண்டாவிலோ பெரியவர்கள் கூடி, முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கி, அத்துவிட்டதாகச் சொல்லும் வழக்கம் இப்பக்கத்தில் சில சமூகங்களில் உண்டு. வழக்காற்றின்படியான மணவிலக்கை இந்து விவாகச் சட்டம் இருபத்தொன்பதாம் பிரிவில் விட்டுவைத்திருக்கிறது என்பது உண்மை. ஆனால் அத்தகைய வழக்காறு தம் சமூகத்தில் நெடுங்காலமாக உண்டு என்பதை நாட்டுபவரே மெய்ப்பிக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2002 இல் கூறியது. மெய்ப்பிக்க இயலாவிட்டால் அந்தத் தாள் வெறும் தாள். அதனை நம்பி இரண்டாம் மணம் செய்துகொண்ட காவலர், இருதார மணக் குற்றத்துக்கும் ஆளாவார். மனைவி உயிரோடிருக்க மறுமணம் கூடாது என்ற அரசு ஊழியர் நடத்தை விதியையும் மீறியவர் ஆவார். நீதிமன்றத் தீர்ப்புக் கையில் வந்த பின்பும், அப்பீலுக்குரிய காலம் கழியும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

சட்டப்படி பிரியாமலே விட்டுவிடுவது இன்னொரு வகை. 2011 ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பில் நாட்டில் மணவிலக்குப் பெற்றவர் பதின்மூன்றரை லட்சத்துக்குச் சற்று மேல். பெறாமலே பிரிந்து வாழ்வோர் அதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. ‘பதவி உயர்வு வரட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று காவலர் ஒத்திப் போடும்போது, குடியாத்தத்தில் ஒருத்தி கன்னியுமில்லாமல், மனைவியுமில்லாமல் ரேஷன் அட்டையில் எந்தப் பெயரில் இருப்பது என்று தெரியாமல் நிற்கிறாள். பெரிய கொடுமைகளைப் பற்றிப் பேசும் நாம் இந்தச் சத்தமில்லாத கொடுமையைப் பேசுவதில்லை.

கடைசியாக மகளின் செய்தி. பெற்றோர் பிரிந்தால் குழந்தையின் காவல், படிப்பு, சந்திப்பு ஆகியவற்றை இருபத்தாறாம் பிரிவின்படி நீதிமன்றம் ஏற்பாடு செய்யும். ‘ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலை பத்து மணி முதல் மாலை ஐந்து மணி வரை தந்தை பார்க்கலாம்’ என்பது போன்ற உத்தரவுகள் சாதாரணம். அலுவலக வேலைக்காரருக்கு அது சரி. நம் காவலருக்கு ஞாயிறு என்று ஒரு கிழமை இல்லை. நான்கு ஞாயிறு அவர் வராவிட்டால் மகள் வாசலைப் பார்ப்பதை விட்டுவிடுவாள். ஆறாவது ஞாயிறு மனைவியின் வக்கீல், தந்தைக்கு அக்கறையில்லை என்று மனுத் தாக்கல் செய்வார். ஆகையால் ஒப்பந்தம் எழுதும்போதே, கிழமையைக் குறிக்காமல், பணிப்பட்டியலில் அவருக்கு விடுமுறை வரும் நாள் என்று எழுதச் சொல்ல வேண்டும். அது தவறினால் அடுத்த பதினைந்து நாட்களுக்குள் ஒரு நாள் என்று ஈடு கேட்க வேண்டும். பந்தோபஸ்து நாட்களில் இரவு எட்டு மணிக்குக் காணொளியில் பேச இடம் கேட்க வேண்டும். கோடை விடுமுறையில் ஒரு வாரம் தொடர்ந்து உடன் வைத்திருக்கவும் கேட்கலாம். அதற்கான விடுப்பை மாங்காய்ப் பருவம் சூடு பிடிக்கும் முன்பே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். சந்திப்பு இடம் காவலர் குடியிருப்பாக இல்லாமல் பாட்டி வீடாக இருப்பது மேல். மகளை அழைத்துவரப் போகும்போது அவர் மாற்று உடையில், பேருந்தில் போகட்டும். பணிப்பட்டியல் மாறிய அன்றே குடியாத்தத்துக்கு ஒரு செய்தி அனுப்பிவிட்டால், எட்டு வயதுக் குழந்தை சும்மா ஜடை பின்னிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.